மணி அடிக்காத மூன்று நிமிடம்

எங்கள் இல்லத்துக்குப் படுக்கைச் சென்சார் வந்தபோது அதை முதலில் கற்றுக்கொண்டவள் நான்தான். அதில் எனக்கு இருந்த பெருமையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் பின்னால் நான் செய்தது யாருக்கும் விளங்காது.

ஓரிக்கை போகிற வழியில் இருக்கிறது அந்த முதியோர் இல்லம். இருபதுக்குக் கொஞ்சம் மேல் பெரியவர்கள். பாதிப் பேர் தாமாக நடப்பார்கள், மீதிப் பேரைக் கைபிடித்து நடத்த வேண்டும். நான் அங்கே பொறுப்பு நர்ஸ். கட்டிலிலிருந்து இறங்கும்போது அடுத்தடுத்து இரண்டு பேர் விழுந்து அடிபட்ட பிறகு, நிர்வாகி எட்டுக் கட்டில்களுக்கு மட்டும் சென்சார் வாங்கினார். அவர் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவோம்.

பார்க்க அது ஒன்றுமில்லை. மெத்தைக்கு அடியில் விரிக்கிற, பாயைவிட மெல்லிசான ஒரு பட்டை. கட்டில் காலில் கட்டிய ஒரு சின்னப் பெட்டி. ஆள் படுத்திருந்தால் வராந்தாவில் என் மேஜைமேல் இருக்கும் டேப் திரையில் பச்சை விளக்கு. எழுந்து உட்கார்ந்தால் மஞ்சள், மணி ஒரு தடவை அடிக்கும். கட்டிலை விட்டு இறங்கிவிட்டால் சிவப்பு. யாராவது போய்ப் பெட்டியில் உள்ள சுவிட்சை அமுக்குகிற வரைக்கும் மணி நிற்காது. யார் எவ்வளவு நேரம் தூங்கினார்கள், எத்தனை தடவை புரண்டார்கள் என்று காலையில் தனியாக ஒரு பட்டியலும் வரும்.

சொல்லிக்கொடுக்க வந்த கம்பெனிக்காரர் பாதி இங்கிலீஷில் பேசினார். மற்றவர்கள் தலையை ஆட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் கேள்வி கேட்டேன். கடைசியில் அவர் சாரிடம், "சிஸ்டருக்கே பாஸ்வேர்ட் குடுத்துடுங்க சார், அவங்க நல்லா புடிச்சுக்கிட்டாங்க" என்றார். அன்று வீட்டுக்குப் போய் அதை என் அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன். அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டு என்னைப் படிக்க வைத்தவள். ஊருக்கு வெளியே தள்ளி இருக்கிற எங்கள் தெருவில் வெள்ளை யூனிபாரம் போட்ட முதல் பெண் நான்.

எட்டுக் கட்டில்களில் ஒன்றில் எக்ஸ்சேஞ்ச் அம்மா இருந்தார். சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். அந்தக் காலத்திலேயே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குப் போனவர், முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். எண்பது தாண்டிவிட்டது. ஞாபகம் வரும், போகும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைப் பார்த்து, "நீ எந்தத் தெரும்மா?" என்று கேட்டார். "ஸ்டேஷன் பக்கம்மா" என்றேன். ஸ்டேஷனிலிருந்து எங்கள் தெருவுக்கு அரைமணி நேரம் நடக்க வேண்டும். அவர் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டிருப்பார். நான்தான் அப்படிச் சொன்னேன்.

மத்தியான டியூட்டியில் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு அக்கா. மாகறலிலிருந்து பஸ்ஸில் வருவார். ஐம்பது வயசுக்கு மேல். அதற்கு முன்னால் முப்பது வருஷம் ஒரு நெசவுக்காரர் வீட்டில் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தவர். என்னைவிட மூத்தவர், எங்கள் சனம்தான். ஆனாலும் என்னை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார், வாங்க போங்க என்றுதான் பேசுவார்.

சென்சார் வந்ததும் எக்ஸ்சேஞ்ச் அம்மாவுக்கு ஒரு புதுத் தொல்லை வந்தது. மணி எங்கே அடித்தாலும் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். "கால் வந்திருக்கு, யாரும் எடுக்கலையே" என்பார். அவர் உட்கார்ந்ததால் அவர் கட்டில் மணியே அடிக்கும். அதைக் கேட்டு அவசர அவசரமாகக் காலைக் கீழே போடுவார். உடனே சிவப்பு விளக்கு, நிற்காத மணி. முதலில் நாங்கள் சிரித்தோம். மாகறல் அக்கா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஓடிப்போய் சுவிட்சை அமுக்கிவிட்டு, "எடுத்தாச்சும்மா, பேசிட்டாங்க, நீ படு" என்பார்.

"யாரு பேசினா?"

"மெட்ராஸ்காரங்கமா. அப்புறம் பேசறாங்களாம்."

"டிரங்க் காலா?"

"ஆமாம்மா, டிரங்க் கால்தான்."

அம்மா திருப்தியாகப் படுத்துக்கொள்வார். அரைமணி நேரம் கழித்து மறுபடியும் அதே கதை. அக்காவுக்கு அது சலிக்கவே இல்லை. தினமும் ஒரு புது ஊர் சொல்வார். ஒருநாள் பம்பாய், ஒருநாள் திருப்பதி.

எனக்குச் சலித்துவிட்டது. மத்தியானம்தான் நான் ரெஜிஸ்டர் எழுத வேண்டும், சாயங்கால மாத்திரைகளைப் பிரித்து வைக்க வேண்டும். பக்கத்திலேயே மணி. அடிக்கிற மணியில் முக்கால்வாசி அந்த ஒரு கட்டில் மணி. ஒருநாள் டேப்பைத் திறந்து பாஸ்வேர்ட் போட்டு, அம்மா கட்டிலுக்கு மட்டும் இரண்டு மாற்றம் செய்தேன். உட்கார்ந்தால் அடிக்கிற மணியை நிறுத்தினேன். இறங்கினால் அடிக்கிற மணியை மூன்று நிமிடம் தள்ளிவைத்தேன். தாமாக எழுந்து பாத்ரூம் போய்வரக்கூடியவர்களுக்காக இருக்கிற வசதி அது. தள்ளாடுகிறவர்களுக்கு அதைப் போடவே கூடாது என்று கம்பெனிக்காரர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. மணி அடிக்காவிட்டால் அம்மா எழ மாட்டார், எழாவிட்டால் ஆபத்தில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் அக்காவிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். சொல்லவில்லை. ரெஜிஸ்டரிலும் எழுதவில்லை.

இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. அம்மா மத்தியானத்தில் ஒன்றரை மணி நேரம் தூங்கியதாகப் பட்டியல் வந்தது. அதை சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "பரவாயில்லையே, எப்படி?" என்று கேட்டார். "பழகிட்டாங்க சார்" என்றேன். அவர் சந்தோஷப்பட்டார். அதற்கப்புறம் என்னால் உண்மையைச் சொல்ல முடியாமல் போனது.

மூன்றாம் நாள் மாகறல் அக்காவே கேட்டார். "என்னா சிஸ்டர், அந்தம்மா கட்டில்ல மணியே அடிக்கல? மிஷின் ரிப்பேரா?"

"இல்லக்கா, நல்லா தூங்குறாங்க, அதான்."

இதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது. அக்கா சந்தேகப்பட்டு நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். ஒரு வார்த்தை போதும். ஆனால் பேசியிருந்தால், நீங்கள் ஓடி ஓடிப் போய் டிரங்க் கால் என்று கதை சொல்லிப் படுக்க வைத்ததை நான் ஒரு விரலில் நிறுத்திவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலை அக்காவுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான்காம் நாள் மத்தியானம் புதிதாகச் சேர வந்த ஒரு குடும்பத்தோடு நான் முன்பக்க ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். அக்கா கடைசி அறையில் ஒரு தாத்தாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தார். அக்காவின் அலறல் கேட்டுத்தான் நான் ஓடினேன். எக்ஸ்சேஞ்ச் அம்மா கதவோரம் தரையில் கிடந்தார். வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. பார்த்தவுடனே இடுப்பெலும்பு என்று தெரிந்துவிட்டது. உதடு உலர்ந்து, முகமெல்லாம் வியர்வை. "ரொம்ப நேரமா கூப்பிடறேன்" என்றார்.

அசைக்க வேண்டாம் என்றேன். தலைக்குத் துணியை மடித்து வைத்தேன், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன், நாடி பார்த்தேன். என் கை எல்லாவற்றையும் சரியாகச் செய்தது. ஆம்புலன்ஸ் போனதும், எல்லாரும் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, நான் உள்ளே வந்து டேப்பைத் திறந்து அந்த இரண்டு மாற்றத்தையும் பழையபடி ஆக்கினேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. முகம் கழுவிக்கொண்டு ரெஜிஸ்டரில் நேரம் எழுதினேன்.

மறுநாள் அம்மாவின் மகள் சென்னையிலிருந்து வந்தார். இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்தவர், கண் சிவந்திருந்தது. சார் அறையில் நாங்கள் நான்கு பேர். சார் டேப்பைப் பார்த்துப் படித்தார். அம்மா கட்டிலை விட்டு இறங்கியது மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். பெட்டியின் சுவிட்சை அக்கா அமுக்கியது மூன்று பதினாறு.

"மணி அடிச்ச உடனே ஓடியாந்தேன் சார்" என்றார் அக்கா. "தாத்தாவ அப்பிடியே போர்வையப் போத்திட்டு ஓடியாந்தேன். நான் வந்தப்பவே கீழதான் கெடந்தாங்க. சத்தியமா சார்."

"அப்போ நாலு நிமிஷம் எங்க போச்சு?" என்று கேட்டார் மகள்.

சார் என்னைப் பார்த்தார். "சிஸ்டர், மிஷின்ல ஏதாவது கோளாறு இருக்குமா?"

"மிஷின் தப்பு பண்ணாது சார்" என்றேன்.

அது பொய்கூட இல்லை. மிஷின் நான் சொன்னபடி மூன்று நிமிடம் காத்திருந்து சரியாக அடித்திருக்கிறது. அடுத்த நிமிடத்துக்குள் அக்கா அங்கே இருந்திருக்கிறார். பொய்யில்லாத ஒரு வாக்கியத்தைத் தேடி எடுத்துப் பேசினேன் என்பதுதான் என் அசிங்கம்.

மகள் அக்காவிடம் திரும்பி, "உங்க அம்மாவா இருந்தா இப்படி விட்டிருப்பீங்களா?" என்று கேட்டார். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். அக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு தரையைப் பார்த்தார். சார்தான், "முப்பது வருஷம் தறிச் சத்தத்துல இருந்தவங்கம்மா. காது மந்தமாயிருக்கும். வேணும்னு பண்ணியிருக்க மாட்டாங்க" என்றார். அவர் அதை இரக்கத்தோடுதான் சொன்னார். அக்காவை வேலையை விட்டு நிறுத்துவதற்கும் அதுவே காரணமானது.

போகும்போது அக்கா சாப்பாட்டுப் பையோடு என் மேஜைக்கு வந்தார். "சிஸ்டர், நீங்க கேட்டீங்களா மணி?"

"நான் ஆபீஸ்ல இருந்தேங்கா."

"ஆமா, இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் நினைப்பேன். பஸ்ஸில் போகும்போது வாக்கியத்தைக்கூடத் தயார் செய்வேன். இல்லத்து வாசலில் இறங்கியதும் வேறு ஒன்று முன்னால் வந்து நிற்கும். வெளியே தெரிந்தால், இந்த சனத்தை மேலே ஏற்றி உட்கார வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று யாராவது சொல்வார்கள். யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் என் காதில் அது எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சு எனக்கு வராமல் இருக்க, அதே சனத்தில் இன்னொருத்தியின் தலையில் அதைத் தள்ளிவிட்டேன் என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவே இல்லை. உறைத்தபோதும் அதைத் தள்ளிப்போட வேறு காரணம் கண்டுபிடித்தேன். என் மகளுக்குப் பிளஸ் டூ முடியட்டும் என்று ஒரு காரணம்.

ஐந்து வாரம் கழித்து எக்ஸ்சேஞ்ச் அம்மா ஆபரேஷன் முடிந்து எங்களிடமே திரும்பி வந்தார். நடக்க முடியவில்லை. நடக்க முயற்சியும் செய்யவில்லை. மணி அடித்தால் கண்ணைத் திறந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

அதற்கடுத்த மாதம் என் அம்மாவின் சர்க்கரை மாத்திரை வாங்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். காது மூக்கு தொண்டைப் பிரிவின் வெளியே பெஞ்சில் மாகறல் அக்கா உட்கார்ந்திருந்தார். கையில் ஓ.பி. சீட்டு. நான் பார்க்காத மாதிரி நடந்தேன். அவர்தான் என்னைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர்! நீங்க எங்க இங்க? நல்லா இருக்கீங்களா? அந்தம்மா வந்துட்டாங்களாமே?"

"வந்துட்டாங்கக்கா. நீங்க என்ன இங்க?"

"காது டெஸ்ட்டு சிஸ்டர். ஒரு ரூமுக்குள்ள உக்கார வெச்சு காதுல மாட்டி உட்டாங்க. பேப்பர் குடுத்துருக்காங்க, டாக்டர் இனிமேதான் பாக்கணும். நீங்க பாத்து சொல்லுங்களேன்."

வாங்கிப் பார்த்தேன். அந்த வயசுக்கு நல்ல காது. இரண்டு பக்கமும் குறையில்லை.

"நல்லா இருக்குதுக்கா" என்றேன்.

அக்கா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் சுருங்கிப்போனது. "நல்லா இருக்குதா? அப்போ நான் தூங்கிட்டேனா சிஸ்டர்?" என்றார். "நின்னுக்கினே தூங்குவாங்களா? தாத்தாவுக்குத் துணி மாத்திக்கினு இருந்தேன்னுதான் நெனப்பு. ஆனா இப்போ அதுவே நெசமான்னு தெரியல. ராவெல்லாம் யோசிச்சுப் பாக்கறேன். காதுன்னு சொல்லிட்டா நிம்மதியா இருந்திருக்கும். இன்னொரு ஆஸ்பத்திரில வேலைக்குக் கூப்ட்டாங்க, போவல. அங்க போயி யாரையாவது கொன்னுட்டேன்னா?"

பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் பஞ்சு வைத்த காதோடு உட்கார்ந்திருந்தார். அவர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் நான் எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்தால் அடிக்கிற மணியை நிறுத்தியது, மூன்று நிமிடம் தள்ளிவைத்தது, அன்று சாயங்காலமே பழையபடி மாற்றியது, எல்லாம். சொல்லும்போது அவர் சீட்டு என் கையில்தான் இருந்தது.

அக்கா விரலை மடக்கி எண்ணுகிற மாதிரி வைத்துக்கொண்டு, "அந்த நாலு நிமிசத்துல மூணு உன்னுதா?" என்று கேட்டார்.

"ஆமாங்கா."

"நான் ஒரு நிமிசத்துல வந்துட்டேனா?"

"ஒரு நிமிஷத்துக்குள்ள வந்துட்டீங்கக்கா."

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை. "உன்னையே கேட்டனே. மிஷின் ரிப்பேரான்னு உன்னையே கேட்டனே" என்றார். அதுவரை ஒருநாளும் என்னை நீ என்று சொன்னதில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. சீட்டை என் கையிலிருந்து பிடுங்கி மடித்துக்கொண்டு எழுந்தார். "என்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. அதுதான் என்னைப் பாத்து உங்க அம்மாவா இருந்தான்னு கேட்டுச்சு."

மறுநாள் முதலில் சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நல்லதுக்குத்தானே பண்ணியிருக்கீங்க. முடிஞ்சதை எதுக்கும்மா கிளறணும்? அவங்க குடும்பத்துக்குச் சொன்னா இல்லத்துக்கே கெட்ட பேரு" என்றார். நான் திட்டு வாங்கத் தயாராகப் போயிருந்தேன். ஒரு திட்டும் விழவில்லை. அந்த அறையை விட்டு வெளியே வரும்போது ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். அந்த ஞாயிறு அவர் வரும்வரை தோட்டத்துப் பக்கம் நின்று காத்திருந்தேன். சொன்னேன். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா தூங்கட்டும்னு செஞ்சீங்களா, உங்களுக்குத் தொல்லையா இருந்ததுன்னு செஞ்சீங்களா?"

அம்மா தூங்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதைத்தான் கேட்க விரும்பினார் என்று தோன்றியது. "ரெண்டும்தான் மேடம்" என்றேன். "தொல்லைதான் முதல்ல."

அவர் தலையை ஆட்டினார். "நான் போலீஸுக்கோ யாருக்கோ போகப் போறதில்லை. ஆனா இனிமே எங்கம்மாவை நீங்க தொட வேண்டாம். வேற யாராவது பாத்துக்கட்டும்." பிறகு, "வேலைய விட்டு நிறுத்துனாங்களே, அந்த அம்மாவோட போன் நம்பர் குடுங்க" என்றார். கொடுத்தேன். அவர் கார் பக்கம் போய் நின்று பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. நீண்ட நேரம் பேசினார், நடுவில் ஒரு தடவை கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

சார் அக்காவைத் திரும்பக் கூப்பிட்டார். அக்கா வரவில்லை. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் இன்னும் அதே இல்லத்தில்தான் இருக்கிறேன். பாஸ்வேர்டை சாரிடமே கொடுத்துவிட்டேன். எக்ஸ்சேஞ்ச் அம்மாவுக்கு மாத்திரை கொடுப்பது, உடம்பு துடைப்பது எல்லாம் இன்னொரு சிஸ்டர். அந்த அறை வாசலைத் தாண்டித்தான் நான் ஒவ்வொரு தடவையும் போக வேண்டும். அம்மாவுக்குக் காலடிச் சத்தம் கேட்கும். "யாரது?" என்பார். பதில் சொன்னால் உள்ளே கூப்பிடுவார். நான் பதில் சொல்லாமல் போய்விடுவேன்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே கம்பெனி வேன் ஒன்று சிக்னலில் நின்றது. ஜன்னலோரம் அக்கா, நீலச் சட்டை யூனிபாரத்தில். என்னைப் பார்த்துவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். ஜன்னலைத் தள்ளித் திறந்தார்.

"அந்தம்மா எப்பிடி இருக்குது?"

"படுக்கைலதாங்கா."

"சாப்புடுதா?"

"கஞ்சிதான். கொஞ்சமா சாப்பிடறாங்க."

"யாரு குடுக்கறது?"

"புது சிஸ்டர் ஒருத்தங்க."

"தலைய தூக்கிவெச்சுக் குடுக்கச் சொல்லு. படுக்கவெச்சுக் குடுத்தா பொறையேறும் அதுக்கு" என்றார். வேன் கிளம்பியது. அக்கா ஜன்னலை மூடிக்கொண்டு நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்தார். நான் எதிர்ப்பக்கம் போய் ஓரிக்கை பஸ்ஸுக்கு நின்றேன்.